விழுப்புரம் பக்கம்

"நாளைக்கு எம் பொண்ணு ஹாஸ்டலுக்குப் போறா மேடம். எந்த ஊருன்னு கேப்பாங்க. என்ன சொல்லச் சொல்றது?"

கேட்டவர் வழக்கறிஞர் முனிரத்தினம். ஐம்பதை நெருங்கும்போது, தன் வயதே உள்ள சட்டப் பேராசிரியர் பூங்காவனத்திடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர்.

பூங்காவனம் முதலில் படித்தது உளவியல். பிறகுதான் சட்டம். சாட்சிக் கூண்டில் ஊரைக் கேட்டதும் சிலர் தயங்குவார்கள். நீதிபதி அதைப் பொய் என்று எடுத்துக்கொள்வார். அது பொய்யில்லை, சாதி உள்ளே போட்டு வைத்த பயம் என்று பல வருடங்களாக எழுதிவந்தார். சட்டக்காரர்கள் அவரை மனசு டாக்டர் என்றார்கள். உளவியல்காரர்கள் வக்கீலம்மா என்றார்கள். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, இலை மட்டும் எங்கேயும் போடவில்லை.

"ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டியதுதானே," என்றார் பூங்காவனம்.

"சொன்னா, ஊரா காலனியான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் பதில் சொல்லிட்டா, அப்புறம் சிரிப்பே மாறிடும்."

"உம்."

"மத்த பிள்ளைங்க மாதிரி அவளும் சாதாரணமா சொல்லணும் மேடம். எங்க ஊர்ல ஏரி இருக்கு, தை மாசம் கொக்கு வரும்னு பெருமையடிக்கணும். நான் ஒருத்தர்கிட்டகூட அடிச்சதில்ல. ஏக்கமா இருக்கு."

"உங்க ஊரு எது?"

"விழுப்புரம் பக்கம்."

"சேந்த நாள்லேர்ந்து இதையேதான் சொல்றீங்க. எங்கிட்டயுமா?"

முனிரத்தினத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"நீங்க எந்த ஊரு மேடம்?"

"விழுப்புரம்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வகுப்பில் ஒருநாளும் தடுமாறாதவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"பெருங்கரைமேடு," என்றார் கடைசியில். "காலனி."

முனிரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது எங்க ஊருக்கு அடுத்த ஸ்டாப்பு."

இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

முனிரத்தினம் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, நாளைக்கு யாராச்சும் ஊரைக் கேட்டா..."

அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

பூங்காவனம் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார்.

"நான் உங்க பக்கத்து ஊரும்மா," என்றார். "ஏரியில இந்த வருஷம் தண்ணி இருக்கா?"