பானை நிரப்பிய மகாராசா

முன்னொரு காலத்தில் ஆழித்துறை என்றொரு கடற்கரை நாடு இருந்தது. அதை ஆண்டவர் இரணவீர மகாராசா. பெயரில்தான் இரணமும் வீரமும். பல்லி கத்தினாலே சிங்காசனத்தின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும் ஆசாமி. காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவருக்கு அம்பலவாணர் என்று ஓர் அமைச்சர் வாய்த்திருந்தார். ராசாவைச் சிரிக்க வைத்தே நாலு நல்ல காரியத்தைச் சாதித்துக்கொள்கிற மனிதர். அந்தச் சாமர்த்தியத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆழித்துறை மண்ணில் உப்பு விளையும், நெல் விளையாது. சனங்கள் சாப்பிட்டதெல்லாம் கடலுக்கு அப்பால் தாழைத்தீவிலிருந்து கப்பலில் வந்த அரிசி. அந்தத் தீவின் ராசா தன் சனங்களைப் பட்டினி போட்டுத்தான் அரிசியை வெளியே விற்றான் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. ஒருநாள் அங்கே பெண்கள் வெறும் பானையும் அகப்பையுமாகத் தெருவில் இறங்கினார்கள். ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஊரே பானையைத் தட்டிக்கொண்டு அரண்மனை வாசலுக்குப் போக, அந்தச் சத்தத்திலேயே ராசா படகேறி ஓடிப்போனான். அதற்கப்புறம் அந்தச் சனங்கள் தங்கள் அரிசியைத் தாங்களே பொங்கித் தின்றார்கள். நியாயந்தானே, யார் குறை சொல்ல முடியும்? ஆனால் ஆழித்துறைக்கு வருகிற கப்பல் நின்றுபோயிற்று.

இனி அரிசி இருந்தது அரண்மனைக் களஞ்சியத்தில் மட்டும்தான். மகாராசாவுக்கோ ஊரின் பசியைப் பற்றிக் கவலை வரவில்லை, பானையைப் பற்றித்தான் வந்தது.

"வித்தகராயரே, நம் ஊரில் பானைகள் நிறைய இருக்குமோ?" என்று அவையில் கேட்டார்.

வித்தகராயர் யாரென்றால், ராசா தும்மினாலும் 'என்ன ராகம், என்ன ராகம்' என்று தலையாட்டியே சம்பளம் வாங்குகிறவர். அம்பலவாணரைக் கண்டால் அவருக்கு வயிற்றெரிச்சல்.

"வீட்டுக்கு வீடு இருக்கிறது பிரபு. அத்தனையும் ஆபத்து. பானையைத் தட்டினால் கையை வெட்டுவோம் என்று தண்டோரா போடலாம்."

"தண்டோராவும் சத்தம்தானே ராயரே?" என்றார் அம்பலவாணர்.

"அப்படியானால் காதோடு காதாகச் சொல்லிவிடுவோம்."

ராசா ஒப்புக்கொண்டார். காதோடு காதாகப் போன சட்டம் பாதிப் பேருக்கு எட்டவே இல்லை.

எட்டாதவர்களில் ஒருத்தி இருளாயி. உப்பளத்தில் கூலி வேலை, வீட்டில் பசித்த பிள்ளைகள். பானை அடியில் ஒட்டிய பருக்கைக்காக அகப்பையால் தட்டினாள். காவலர்கள் பானையோடு அவளை அவைக்கு இழுத்துவந்துவிட்டார்கள்.

"தாழைத்தீவிலிருந்து உனக்குச் சொல்லியனுப்பியது யார்?" என்று வித்தகராயர் மிரட்டினார்.

"அது எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாதுங்க சாமி. அடியில ஒட்டின பருக்கை வரலீங்க. தட்டினேன்."

அம்பலவாணர் அவள் கைகளைப் பார்த்தார். உப்பு அரித்து வெடித்துப்போன கைகள். வெட்ட ஆள் பக்கத்திலேயே நின்றான். அவளுக்காக அழுது கெஞ்சலாம்தான். ஆனால் கண்ணீரைக் கண்டால் ராசாவுக்கு ஆகாது. வழக்கமான சிரிப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டார்.

"மகாராசா, குற்றவாளி இவள் கை இல்லை, பானை. உத்தரவானால் அதை விசாரித்துக் காட்டுகிறேன்."

"பானையையா?" ராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். "விசாரியும், பார்ப்போம்."

மடைப்பள்ளியிலிருந்து ஒரு வெண்கலப் பானை நிறைய அரிசி வந்தது. "ராயரே, தாங்கள் ராகம் அறிந்தவர். இரண்டையும் தட்டுங்கள்" என்றார் அம்பலவாணர்.

இருளாயியின் பானை 'டொங்' என்றது. ராசாவின் கால் சிங்காசனத்தின் மேல் ஏறிவிட்டது. அரிசிப் பானை 'சொத்' என்றது. ராயர் பலங்கொண்ட மட்டும் அடித்தார். அகப்பைக் காம்பு ஒடிந்ததே தவிர, பானை வாய் திறக்கவில்லை.

"பார்த்தீர்களா பிரபு, கத்துவதெல்லாம் வெறும் பானைதான். கையை வெட்டினால் சனங்கள் தலையால் முட்டுவார்கள். பானையை நிரப்பிவிட்டால் தாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்."

ராசா வயிறு குலுங்கச் சிரித்தார். இருளாயியை விடுதலை செய்தார். தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். ராயரை அந்த அரிசிப் பானையைத் தலையில் சுமந்து அவையைச் சுற்றிவரச் செய்தார். பிறகு, "ஊரில் உள்ள ஒவ்வொரு பானையையும் விளிம்புவரை நிரப்புங்கள். இது என் ஆணை" என்றார். அம்பலவாணருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையிலேயே அவர் உப்பளத் தெருவுக்குப் போனார். சோறு பொங்கும் வாசனையை மூக்கு தேடியது. தெரு நெடுக மாட்டுவண்டிகள் நின்றன. காவலர்கள் வீடு வீடாகப் புகுந்து, கூடை கூடையாகக் கடல் மணலைப் பானைகளில் கொட்டி, கையால் அழுத்தி இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மேற்பார்வைக்கு வந்திருந்த வித்தகராயர், "பிரமாதமான யோசனை அமைச்சரே. மகாராசா நேற்று நன்றாகத் தூங்கினார்" என்றார். அதில் கேலிகூட இல்லை.

'அரிசியால்' என்ற ஒரே ஒரு வார்த்தை. அதை ராசாவின் வாயிலிருந்து வாங்கிக்கொள்ளாமல் மாலையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார் அம்பலவாணர். சாமர்த்தியம் இருந்து என்ன பிரயோசனம்?

இருளாயி வாசலுக்கு வந்து அவரைக் கும்பிட்டாள்.

"கை உங்களால இருக்குதுங்க சாமி. மணலை வெளியே கொட்டினா அந்தக் கையையும் எடுத்துருவாங்களாம். வெறும் பானையா இருந்தா, எங்கயாச்சும் ரெண்டு பிடி அரிசி கெடைச்சா போடலாம்னு அதைப் பார்த்துக்கிட்டாவது இருப்போம். இனிமே கெடைச்சாலும் போட எடமில்லீங்களே."

அம்பலவாணர் வந்த வழியே திரும்பி நடந்தார். மகாராசா அதன்பின் நெடுங்காலம் சுகமாக ஆண்டார். ஆழித்துறையில் ஒரு சத்தமும் கேட்கவில்லை.