ஒட்டுக்குக் கீழே ஒரு நூல்

சண்டை மூண்ட வருஷம். பழைய நீர்மூழ்கி ஒன்று பட்டறைக்கு வந்தது. முதுகிலிருந்த பீரங்கியைக் கழற்றினார்கள். தண்ணீருக்குள் இருந்தபடியே மூச்சு வாங்க, அதே முதுகில் ஓட்டை போட்டுப் புதுக் குழாய் நட்டார்கள்.

குழாயைச் சுற்றிப் பற்றவைத்து ஒட்டியவர் சூசைமாணிக்கம். ஐம்பது வயசுவரை நெல் அவிக்கிற கொதிகலனுக்கு ஒட்டுப் போட்டவர். கப்பல் வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அருளாயி அவரைவிடப் பத்து வயசு சின்னவள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம். ஒட்டுப் போட்டவரும் மேஸ்திரியும் கப்பலின் முதல் முழுக்கில் கூடவே போகணும். ஒட்டுக்கு நேர் கீழே நிற்கணும்.

முழுக்கன்று காலையில் அருளாயி ஒட்டைத் தடவிப் பார்த்தாள்.

"என்னண்ணே, நேத்து தோசையா இருந்துச்சு. இன்னைக்கு ஊத்தப்பமா இருக்கு?"

"மேல ரெண்டு சுத்து போட்டேன் மேஸ்திரி."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. முப்பத்திரண்டு பேரு உள்ள போறாங்க. நினைச்சா சோறு இறங்கல."

அருளாயி சாணை மெஷினை எடுத்தாள். தெறித்த ஒவ்வொரு பொறிக்கும் சூசைமாணிக்கம் ஓரடி முன்னால் வந்தார்.

"விட்டுருங்க மேஸ்திரி. கூடக் கொஞ்சம் இருந்தா என்ன கெடுதல்?"

மேடு மட்டமாகும்வரை அவள் நிறுத்தவில்லை. "பதில் கீழ இருக்கு. வாங்க."

கப்பலுக்குள் போனதும், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு தையல் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டினாள். கப்பல் இறங்கியது.

"முப்பது மீட்டர்" என்றது ஒரு குரல். பிறகு, "அறுபது."

எங்கோ இரும்பு முனகியது. சூசைமாணிக்கம் கையை உயர்த்தி, ஒட்டு இருந்த இடத்தில் உள்ளங்கையை முட்டுக் கொடுத்து நின்றார்.

"கடலைத் தாங்கிப் பிடிக்கிறீங்களாண்ணே?"

"கேலி பண்ணாதீங்க. வேர்த்துக் கொட்டுது."

"எனக்கும்தான்."

"நூறு."

நூல் நடுவில் தொய்ந்தது.

"மேஸ்திரி, முடிச்சு நழுவுது."

"முடிச்சு அப்படியேதான் இருக்கு. சுவருதான் கிட்ட வருது."

அவர் நூலை விட்டுச் சுவரைப் பார்த்தார். "கப்பல் நசுங்குதா?"

"ஒடுங்கிக் கொடுக்குது."

"என் ஒட்டு?"

"அதுவும் கூடவே."

"நூற்றைம்பது." கப்பல் அங்கேயே நின்றது. நூல் நாலு விரற்கடை தொங்கியது. தலைக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவர் ஒட்டை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். "காலையில நீங்க தேய்க்காம விட்டிருந்தா?"

"சுத்தி இருக்கிற இரும்பெல்லாம் குனியிற நேரத்துல, அந்த இடம் மட்டும் விறைச்சுக்கிட்டு நின்னு, ஓரத்துல விரிசல் விட்டிருக்கும்ணே."

சூசைமாணிக்கம் நூலைப் பார்த்தார். பிறகு, முட்டுக் கொடுத்திருந்த கையைப் பார்த்தார். மெதுவாக முழங்கையை மடக்கினார்.