ஒரு சொட்டும் இல்லாத குழி

"எங்க குழிக்குள்ள ஒருத்தன வேர்க்கக்கூட விடமாட்டோம், தெரியும்லா?"

பேருந்து நிலையத்து டீக்கடையில் இப்படிப் பெருமையடித்தவர் கொத்தனார் ஆதிமூலம். அவருடைய ஆட்கள் பூலோகமும் சங்கிலியும் தலையாட்டினார்கள். மூன்று பேர் மூளையையும் வழித்துப் போட்டாலும் ஒரு சாந்துச் சட்டியின் அடி மறையாது.

குழி, செல்லக்கனி டீச்சர் வீட்டு அஸ்திவாரக் குழி. குளத்தைத் தூர்த்து விற்ற மனை. ஆறடி தோண்டியதும் ஊற்று வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கான்கிரீட் போடாவிட்டால் மழை பிடித்துக்கொள்ளும். அப்புறம் தை பிறந்துதான் வேலை. டீச்சரோ சித்திரையில் வாடகை வீட்டைக் காலி செய்தாக வேண்டும்.

இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனது இவ்வளவுதான்: "குழிக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது. ஊத்துத் தண்ணி ஓடைக்குப் போக ஒரு வாய்க்கால் வெட்டிருங்க."

மோட்டார் வைத்து இறைத்தார்கள். அதுவரை சரி. பிறகு குடிதண்ணீர்க் குடத்தை மேலே ஏற்றினார்கள். வேர்த்தால் உடனே ஏணியில் ஏறி, மேலே வேர்த்து முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று ஆதிமூலம் சட்டம் போட்டார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் சங்கிலி குழிக்குள் குடை பிடித்து நின்றான். தூறல் விழுந்துவிட்டால்?

வாய்க்கால் வெட்டும்போதுதான் பெரிய விவாதம் வந்தது. தண்ணீர் நிரப்பி, இரு முனையிலும் அது நிற்கும் உயரத்தை வைத்துச் சரிவு பார்க்கும் டியூபின் ஒரு முனையைக் குழிக்குள் பிடிக்க வேண்டும்.

"அண்ணாச்சி, டியூபுக்குள்ள தண்ணி கெடக்கே," என்றான் பூலோகம்.

"எவ்வளவு?"

"ஒரு லிட்டர் இருக்கும்."

"இன்ஜினியர் ஒரு சொட்டே கூடாதுங்காரு. நீ லிட்டர் கணக்குல இறக்கப் பாக்கியா? கொட்டுல வெளிய!"

கொட்டினான். "இப்ப மட்டம் எப்படிப் பாக்க?"

"தண்ணி மறைக்காம இன்னும் தெளிவாத் தெரியும். பிடி."

காலி டியூபை ஆளுக்கொரு முனையில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "கச்சிதம்" என்றார்கள். வாய்க்கால் ஓடையிலிருந்து குழியை நோக்கிச் சரிந்தது. ஓடைக்கரையைத் திறந்த நிமிஷத்தில் ஓடைச் சாக்கடை முழங்கால் அளவு குழிக்குள் வந்தது.

"வாய்க்கால்ல குத்தமில்ல," என்றார் ஆதிமூலம். "தண்ணிக்கு வழி தெரியல."

வாய்க்காலை மண் போட்டு அடைத்தார்கள். வியாழக்கிழமை முழுக்க, ராத்திரியும் விடிய விடிய, மறுபடி இறைத்தார்கள். கடைசி ஈரத்தைத் தங்கள் துண்டுகளாலேயே ஒற்றி எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கான்கிரீட் லாரி வந்தது. உலர்ந்த குழியைப் பார்த்து டீச்சர் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். லாரியின் வாயில் கலவை எட்டிப் பார்த்ததும் ஆதிமூலம் அலறினார்.

"நிறுத்தும்வே! இதுல தண்ணி இருக்கு!"

"கான்கிரீட்னா தண்ணி இருக்கும்யா," என்றார் டிரைவர்.

"அப்ப காய வச்சிக் கொண்டாரும்."

சொல்லிவிட்டு மூவரும் ஏணியில் இறங்கி, குழியின் நடுவில் கைகோத்து நின்றார்கள். டீச்சர் போன் போட்டுப் பார்த்தார்; இன்ஜினியர் எடுக்கவில்லை.

"டீச்சர், இன்னும் அரை மணி நேரம் போனா கலவை லாரிக்குள்ளயே இறுகிரும். நான் திரும்பிப் போகட்டா?" என்றார் டிரைவர்.

டீச்சர் குழிக்குள் எட்டிப் பார்த்து, "மேல வாங்க," என்று மூன்று தடவை கூப்பிட்டார். வகுப்பிலும் அவர் அதற்கு மேல் கூப்பிடுவதில்லை.

"மாட்டோம் டீச்சர்! உங்க வீடு, எங்க மானம்!" என்றார் ஆதிமூலம்.

டீச்சர் ஏணியை மேலே இழுத்துப் போட்டார். டிரைவரைப் பார்த்து, "ஊத்துங்க," என்றார்.

கீழே சங்கிலி குடையை விரித்தான்.