காற்று ஆகாத தாளாளர்

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் சுப்புத்தாய், மகள் அபிதாவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஒரு மாதம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அழுது முடித்த பிறகு அதை எடுத்துக்கொண்டு, மகளைச் சேர்க்க அவளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத் தாளாளர் முன்னால் போய் நின்றாள்.

"மணிச் சத்தம்தான் இவளுக்கு ஆகாதுய்யா. மணிக்குத் தள்ளி இருக்கிற வகுப்புல உக்கார வச்சாப் போதும்."

தாளாளர் காகிதத்தைத் தொடவே இல்லை. "ஒருத்திக்காகப் பள்ளிக்கூடத்தையே மாத்தச் சொல்லுதியா? மணி அடிக்கையில காதைப் பொத்தாம நிக்கட்டும், சேத்துக்கிடுதேன்."

வைகாசி வெயில். அறையில் நாலு வாத்தியார்கள் சட்டை நனைய வியர்த்துக்கொண்டு நின்றார்கள். சுப்புத்தாய் போய் மின்விசிறியைப் போட்டாள்.

"ஏய், அதை அணை," என்று தாளாளர் துண்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "காத்து பட்டா எனக்குக் காது குடையும்னு ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சுதானய்யா, ஒருத்தருக்காக இத்தனை பேரும் வேர்த்துக்கிட்டு நிக்காக."

அதற்குள் அபிதா, யாரும் சொல்லாமலே போய் மின்விசிறியை அணைத்தாள். தாளாளர் காதிலிருந்து துண்டை எடுக்கும்வரை சுவிட்சு பக்கத்திலேயே நின்றாள்.

தாளாளர் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். "மணிக்குத் தள்ளி எந்த வகுப்பு இருக்கு?" என்று வாத்தியார்களிடம் கேட்டார்.

"இந்த அறையை ஒட்டின வகுப்புதான்யா," என்றார் ஒரு வாத்தியார். "மணிச் சத்தம் ஆகாதுன்னு நீங்கதான இந்தக் கோடியில அறை போட்டுக்கிட்டீங்க."