வியர்த்த குழல்

"ஆசானே, மருந்து நனையாம வச்சுக்கிடது எப்படின்னு சொல்லிக் கொடுங்க."

வந்ததும் வராததுமாக மாடக்கண்ணு இப்படித்தான் கேட்டார். தோளில் நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் ரவையையும் போட்டு இடித்துக் கெட்டிக்கிற பழைய வகை; பின்னால் வைக்கிற கேப்பு வெடித்துத்தான் மருந்து பிடிக்கும். சட்டையெல்லாம் மழை.

சொரிமுத்து ஆசான் அவரைவிடப் பத்து வயது இளையவர். மலையடிவாரத்தில் தனியாகக் குடியிருந்து துப்பாக்கி பழுது பார்த்தார். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. வேட்டைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இப்ப எதுக்கு வே?"

"பன்னி இறங்குது. மரச்சீனிக் கிழங்கு ஒரு மூடு மிஞ்சாது. ஊர்ல துப்பாக்கி எங்கிட்ட மட்டும்தான் இருக்கு."

"பன்னி எல்லா வருசமும்தான் இறங்குது."

மாடக்கண்ணு சுவரைப் பார்த்தார்.

"நேத்து தளவாய்க்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. என் தங்கச்சி மாப்பிள்ளை."

ஆசான் பாயை விரித்துப் போட்டார்.

"விடிஞ்சும் விடியாமலும் ரெண்டு பேரும் மரச்சீனிக் காட்டுல நிக்கோம். ஒத்தைப் பன்னி. நேரா வந்துட்டு. விசையை இழுத்தேன். கேப்பு மட்டும் பட்டுன்னுது, மருந்து பிடிக்கல. வேற கேப்பு வச்சு இழுத்தேன். அதுவும் பட்டுன்னுது. அதுக்குள்ள அவன் தொடையைக் கிழிச்சிட்டு. ரோட்டுக்குத் தூக்கிட்டு வாறதுக்குள்ள..."

"கெட்டிச்சது யாரு?"

"அவன்தான். அன்னைக்குக் கெட்டிச்சது அப்படியே கிடக்கு."

"ஊர்ல என்ன சொல்லுதாங்க?"

"அவன் கெட்டிச்சது அவனையே கொன்னுட்டுன்னு."

"நீரு என்ன சொன்னீரு?"

"நான் ஒண்ணும் சொல்லல."

ஆசான் துப்பாக்கியை வாங்கினார். கேப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டார். கம்பியின் நுனியில் திருகாணியை மாட்டிக் குழலுக்குள் விட்டுத் திருகினார்.

மேல்தக்கை வந்தது. தேங்காய் நாரை உருட்டித் தேன்மெழுகு தடவிய தக்கை.

"தொட்டுப் பாரும்."

"மெழுகு."

"ஊறியிருக்கா?"

"இல்ல."

ரவைகள் தட்டில் விழுந்தன. பிறகு அடித்தக்கை. அதற்குக் கீழே இருந்த மருந்தைத் தட்டினார். பொலபொலவென்று கொட்டியது. கடைசியில், கேப்பு வைக்கிற முனைக்கு நேராக, ஒரு கறுப்புக் கட்டி வந்தது. அதில் துரு ஒட்டியிருந்தது. நனைந்து காய்ந்த மருந்து.

"வாய் வழியா மழை போகல" என்றார் ஆசான். "வேற எப்படிப் போச்சு?"

"அதைக் கேக்கத்தானே வந்தேன்."

ஆசான் வெளியே கை நீட்டினார். முற்றத்தில் மழைக்குள் ஒரு பித்தளைச் செம்பு கிடந்தது.

"அதை எடுத்துத் துடையும்."

மாடக்கண்ணு துண்டால் உள்ளும் புறமும் துடைத்தார்.

"அடுப்புப் பக்கத்துல வையும்."

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் செம்பு மங்கியது. அதன் மேல் பொடிப்பொடியாக நீர் அரும்பியது.

"சரியாத் துடைக்கலியோ?"

"துடைச்சேனே."

"அப்ப யாரு நனைச்சா?"

மாடக்கண்ணு செம்பையே பார்த்தார்.  

"அதுக்கு முந்தின ராத்திரி காவல் குடிசைல தீ போட்டிருந்தோம். பனி கொட்டுது. வெளிய இருந்து வந்ததும் துப்பாக்கியை உள்ள கொண்டுபோயிட்டேன். 'வெளிய கூரை இறவாணத்துலயே சாத்துங்க மச்சான், சூட்டுல வச்சா குழல் உள்ளுக்குள்ள வேர்க்கும்'னான்."

"நீரு?"

"'எனக்குத் தெரியும்ல'ன்னு தீயோரமா வச்சேன்."

"அவன் சொன்னது இன்னைக்குத்தான் ஞாபகம் வருதா?"

"இல்ல."

"பெறவு?"

"பதினாறு நாளும் ஞாபகம் இருந்துது."

சோறு பொங்கி வழிந்து தீயில் சீறியது. ஆசான் எழுந்து மூடியை எடுத்தார். திரும்பி வந்து மெழுகுத் தக்கையை மாடக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"தங்கச்சி வீடு எவ்வளவு தூரம்?"

"ரெண்டு மைலு."

"மழை விடட்டும்னு இருக்காதேயும்."

தங்கை பேராச்சி தன் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவள் மாமியாரின் குரல் கேட்டது. ஒரு துப்பாக்கியை ஒழுங்காகக் கெட்டிக்கத் தெரியாத மகனைப் பெற்றேனே என்று, பதினாறு நாளாகச் சொன்னதையே அந்தக் கிழவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடக்கண்ணு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். தக்கையை நீட்டினார்.

பேராச்சி அதை வாங்கி முகர்ந்தாள்.

"அவரு உருட்டுனது" என்றாள்.

உள்ளே போனாள். "அத்தே, தொட்டுப் பாருங்க" என்கிற குரல் கேட்டது. "உங்க மவன் நல்லாத்தான் கெட்டிச்சிருக்காரு. எங்க அண்ணன்தான் நனைச்சிருக்கு."

புலம்பல் நின்றது. 

பேராச்சி திரும்பி வந்தாள். அவள் அழவில்லை.

"நீ அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்த மனுசரை எல்லாரும் வையும்போது நான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்."

"பேராச்சி..."

"நானும் வைஞ்சேன் அண்ணே. பாடையில கிடக்கும்போதே வைஞ்சேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாடக்கண்ணு ஆசான் வீட்டுக்கு வந்தார். மழை விடவில்லை. இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன.

"சொல்லிட்டேன்."

ஆசான் துவட்டிக்கொள்ளத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"துப்பாக்கியை நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு வேண்டாம்."

"மரச்சீனிக் காட்டுல இப்ப யாரு காவல்?"

"யாருமில்ல."

"உம்ம தங்கச்சி காட்டுல?"



ஆசான் இறவாணத்துக்குப் போனார். அங்கே சாத்தியிருந்த துப்பாக்கியை எடுத்து, கம்பியில் துணி சுற்றிக் குழலை மூன்று முறை துடைத்தார். மருந்து, நார், மெழுகு, ரவை எல்லாவற்றையும் மாடக்கண்ணுவின் முன்னால் வைத்தார்.

"கெட்டியும்."

மாடக்கண்ணு மருந்துக் குடுவையை எடுத்தார். பாதி மருந்து வெளியே சிந்தியது.

"கை நடுங்குது ஆசானே."

"நடுங்கட்டும்" என்றார் ஆசான். "கெட்டியும்."