நாலு கழுத்துச் சட்டை

கூவலூத்தில் அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தார்கள். மூத்தவன் மொக்கையன், அடுத்தவன் ஒச்சப்பன், மூணாவது சடையன், கடைக்குட்டி தவசி. நாலு பேருக்கும் சேர்த்துக் கொஞ்சம் மூளை இருந்ததென்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் எப்போதும் தகராறு.

இந்தத் தவசிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மேக்கரட்டூர் சிலம்பாயி. பொல்லாத கெட்டிக்காரி. அவளை எப்படி இவனுக்குக் கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. பெண்ணின் அப்பன் இருளாண்டி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்.

"தாலியும் கூறைப்புடவையும் நீங்கதான் கொண்டாரணும். சூரியன் உச்சிக்கு வர்றதுக்குள்ள தாலி ஏறலைன்னா, என் அக்கா மகன் பட்டுவேட்டி கட்டித் தயாரா உக்காந்திருக்கான். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது."

தவசிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு கணவாய் இருந்தது. அதில் வீரணன் என்று ஒரு வழிப்பறிக்காரன் இருந்தான். தாலியோடு போகிறவனை அவன் சும்மா விடுவானா?

பக்கத்து வீட்டில் பட்டாளத்தில் இருந்து வந்த சுபேதார் ராயப்பன் இருந்தார். பையன் முகம் வாடிக் கிடப்பதைப் பார்த்து மனசு இளகி, நாலு பேரையும் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து ஒரு துணி மூட்டையைப் பிரித்தார். உள்ளே ஒரு குட்டித் துப்பாக்கி. வெற்றிலைப் பெட்டிக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான். இரண்டு குழல், இரண்டு குண்டு.

"இதுக்கு டெரிஞ்சர்னு பேரு. நல்லாக் கேட்டுக்கங்க. இது எப்பவும் சட்டைப்பையிலதான் இருக்கணும். ஆள் கிட்ட வந்தாத்தான் சுடணும், எட்டி நின்னாப் படாது. குண்டு ரெண்டே ரெண்டுதான், கண்டவன் கையில சிக்கக் கூடாது, நனையவும் கூடாது. உங்கள்ல யாருக்குப் பயமோ அவன் வச்சுக்கங்க."

நாலு பேரும் அதை நாலு தடவை ஒப்பித்துக் காட்டினார்கள். ஒரு எழுத்து பிசகவில்லை. சுபேதார் சந்தோஷமாகக் கதவைச் சாத்தினார், பாவம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் யாரிடமும் சட்டை இல்லை. அந்தக் காலத்தில் வேட்டியும் துண்டும்தானே. சட்டை தைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. யாருக்குத் தைப்பது?

"யாருக்குப் பயமோ அவனுக்கு," என்றான் மொக்கையன். "யாருக்குடா பயம்?"

"எனக்கு," என்றான் தவசி.

"எனக்கு உன்னையவிட," என்றான் ஒச்சப்பன்.

"நான் இப்பவே நடுங்கிட்டு நிக்கிறேன், தொட்டுப் பாருங்க," என்றான் சடையன்.

மொக்கையன் தொட்டுப் பார்த்தான். நடுங்கத்தான் செய்தது. ஆனால் அது தொட்டவன் கையா, தொடப்பட்டவன் தோளா என்று தெரியவில்லை. ஆக நாலு பேருக்கும் பயம், துப்பாக்கி ஒன்று, பை ஒன்று. அப்படியானால் சட்டையும் ஒன்றுதான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தையல்கார ராவுத்தர் அளவு நாடாவோடு வந்தார்.

"யாருக்குப்பா சட்டை?"

"எங்களுக்கு."

"அது சரி, அளவு யாருக்கு?"

"எங்களுக்குத்தான் பாய். ஒரே சட்டை, நாலு கழுத்து. பை மட்டும் நட்ட நடுவுல வையுங்க. ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் குறைச்சல்னு நாளைக்குப் பேச்சு வரக் கூடாது."

ராவுத்தர் முப்பது வருஷம் தைத்தவர், எத்தனையோ பைத்தியங்களைப் பார்த்தவர். பேசாமல் நாலு பேரையும் சேர்த்து நிறுத்தி அளந்துகொண்டு போனார். கழுத்து நாலு வைத்தவர் கையை மட்டும் வழக்கம்போல இரண்டே வைத்தார். சட்டைக்கு இரண்டு கைதானே?

கல்யாணத்தன்று விடிந்ததும் புறப்பட்டார்கள். வலது ஓரம் மொக்கையன், அவன் வலது கை வெளியே. இடது ஓரம் சடையன், அவன் இடது கை வெளியே. நடுவில் ஒச்சப்பனும் தவசியும் பொட்டலம் கட்டியதுபோல் உள்ளே. தாலி தவசியின் மடியில், கூறைப்புடவை மொக்கையன் தலையில், துப்பாக்கி நடுப்பையில்.

முதல் வரப்பிலேயே ஒச்சப்பன் இடறினான், நாலு பேரும் விழுந்தார்கள். எழுந்திருக்கும்போது யார் கால் யாருடையது என்று தெரியாமல் சடையன் ஒரு காலைக் கிள்ளிப் பார்த்தான். யாரும் கத்தவில்லை. "ஐயோ, ஒரு கால் கூடுதலா இருக்குண்ணே!" என்று அழ ஆரம்பித்தான். அப்புறம்தான் அது முள்வேலிக் கம்பு என்று தெரிந்தது. இதற்குள் சூரியன் ஒரு பனை உயரம் ஏறிவிட்டது.

"வெயில் கொளுத்துதே, குடையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்," என்றான் சடையன்.

"குடைக்கு வேற வேலை இருக்குன்னு தெரியாதா உனக்கு?" என்றான் மொக்கையன். சடையன் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கணவாயில் கால் வைத்ததும், பாறைக்குப் பின்னாலிருந்து வீரணன் குதித்தான். ஆறடி ஆள், கிடா மீசை, கையில் சூரிக்கத்தி.

"நில்லுங்கடா! மடியில என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுத்தான் சரியாகப் பார்த்தான். நாலு தலை, எட்டுக் கால், இரண்டே கை. மீசை கொஞ்சம் தொங்கிப் போயிற்று.

"எத்தனை அடி இருக்கும்?" என்று மொக்கையன் தம்பிகளைக் கேட்டான்.

"முப்பது அடி. எட்டி நின்னாப் படாதுன்னு சொல்லியிருக்காரு."

மொக்கையன் கையை நீட்டி மரியாதையாகக் கூப்பிட்டான். "அண்ணே, இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்கண்ணே."

"எதுக்குடா?"

"வாங்கண்ணே, தப்பா ஒண்ணுமில்ல. கிட்ட வந்தாத்தான் உங்களுக்குப் படும்."

"என்ன படும்?"

"அது பையில இருக்கு. எங்க கை நடுப்பைக்கு எட்டலை. நீங்களே வந்து எடுத்துக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்."

வீரணன் இந்தத் தொழிலில் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். ஓடினவன், அழுதவன், காலில் விழுந்தவன் எல்லாம் உண்டு. கிட்ட வா என்று நாலு வாயால் கொஞ்சியவனை மட்டும் பார்த்ததில்லை. ஓரடி பின்னால் வைத்தான். இவர்கள் ஓரடி முன்னால் வைத்தார்கள். அவன் பத்தடி போனான். இவர்களும் பத்தடி வந்தார்கள்.

"கிட்ட வராதீங்கடா!"

"நாங்க வராட்டிப் போனாலும் நீங்களாவது வாங்கண்ணே!"

ஆத்தாடி, அதற்கப்புறம் வீரணன் ஓடினான் பாருங்கள் ஓட்டம்! பின்னாலேயே எட்டுக் காலும் தடதடவென்று, "கிட்ட வாங்கண்ணே, கிட்ட வாங்கண்ணே!" என்று கத்திக்கொண்டு ஓடின. கணவாய் போச்சு, ஓடை போச்சு, சோளக்காடு போச்சு. அவன் எங்கே ஓடுகிறோம் என்று பார்க்கவே இல்லை. நேராக மேக்கரட்டூர் கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து, பந்தக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "என்னையக் காப்பாத்துங்க சாமி!" என்று அலறினான்.

சூரியன் உச்சிக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி. அக்கா மகன் அதற்குள் பட்டுவேட்டியோடு மணையில் பாதி உட்கார்ந்துவிட்டான். சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். சட்டை உள்ளே வந்து மூச்சு வாங்கியது.

"மாப்பிள்ளை எதுய்யா இதுல?" என்றார் இருளாண்டி.

"மூணாவது தலை, மாமா," என்றான் தவசி.

அதற்குள் மொக்கையனுக்கு வீரணனைப் பார்த்து மனசு கேட்கவில்லை. "டேய், இந்த அண்ணன் நம்மளவிட நடுங்குறாருடா. யாருக்குப் பயமோ அவன் வச்சுக்கணும்னுதானே சுபேதார் சொன்னாரு?" மற்ற மூவரும் யோசித்தார்கள். மறுக்க முடியாத பேச்சு. வீரணனிடமே சூரிக்கத்தியை வாங்கி, ஐந்தாவதாக ஒரு கழுத்து வெட்டி, அவனையும் உள்ளே ஏற்றிக்கொண்டார்கள். அவனுக்கு மறுக்கத் தெம்பு இல்லை.

ஐந்து பேரும் மணையில் உட்கார்ந்தார்கள். அக்கா மகன் கீழே விழுந்தான். தாலியை எடுத்தால் கட்ட ஆள் இல்லை. மாப்பிள்ளை கை உள்ளே. வெளியே இருப்பது மொக்கையனின் வலது கை, சடையனின் இடது கை.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு முடிச்சுப் போடுறோம், மூணாவதை அண்ணன் போடட்டும்," என்று மொக்கையன் வீரணனைக் காட்டினான்.

"கழட்டித் தொலைங்கய்யா சட்டைய!" என்று கத்தினார் இருளாண்டி.

"பயம் தீரலையே மாமா. எப்படிக் கழட்டுறது?"

தவசிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கூடக் கை வெளியே இல்லை. அதைப் பார்த்ததும் சிலம்பாயி எழுந்தாள்.

"உங்க அஞ்சு பேரு பயமும் ஒரு பயமா? உங்க வீட்டுக்குள்ள வாக்கப்பட்டு வரப்போறவ நான். எனக்கு எவ்வளவு பயம் இருக்கும்?"

சட்டைக்குள் ஐந்து தலைகளும் கூடிக் குசுகுசுவென்று பேசின.

"நியாயம்தாண்டா," என்றது வீரணன் தலை. "எனக்கே இவ்வளவு பயம். இவ பாவம், காலம் பூரா இருக்கணுமே."

தீர்ப்பு ஆயிற்று. ஐந்து பேரும் வெளியே வந்து, சட்டையைத் துப்பாக்கியோடு மரியாதையாக அவளிடம் கொடுத்தார்கள். அவள் அதைச் சால்வை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, "ம், சீக்கிரம்," என்று கழுத்தை நீட்டினாள். தவசி தன் சொந்தக் கையால் மூன்று முடிச்சையும் போட்டான். சூரியன் உச்சியில் நின்றது. பந்தலே குலவை போட்டது. வீரணன் சந்தோஷத்தில் கேவிக் கேவி அழுதான்.

"வேட்டுக்காரன் வரலையே," என்று இருளாண்டி வருத்தப்பட்டார். "அந்தத் துப்பாக்கியவாவது வானத்தைப் பாத்து ஒரு தடவை வெடி தாயி."

சிலம்பாயி வானத்தைப் பார்த்து அமுக்கினாள். டிக் என்றது. இன்னொரு தடவை அமுக்கினாள். மறுபடியும் டிக்.

வீரணன் அழுகையை நிறுத்தினான். "டேய், குண்டு எங்கடா?"

"பத்திரமா இருக்குண்ணே," என்றான் மொக்கையன். "கண்டவன் கையில சிக்கக் கூடாதுன்னு சுபேதார் சொன்னாருல்ல? வழியில நீங்க வேற இருக்கீங்க. அதான் ஊர்க் கிணத்துல போட்டுட்டு வந்தோம்."

"கிணத்துலயா! நனைஞ்சு நாசமாப் போயிருக்குமேடா!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். விவரம் தெரியாத ஆளிடம் பேசுகிற பொறுமையோடு மொக்கையன் வீரணன் தோளில் கை போட்டான்.

"நாங்க என்ன முட்டாள்களாண்ணே? குடையை விரிச்சுப் பிடியில குண்டைக் கட்டியில்ல இறக்கியிருக்கோம்."