தொட்டிக்கு ஜலதோஷம்

புளியங்குறிச்சிக்காரர்கள் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அதுதான் வம்பே.

அந்த ஊருக்குப் புதுசாகத் தண்ணீர்த் தொட்டி வந்தது. மோட்டார், வால்வு, அழுத்தம் என்று இன்ஜினியர் தொண்டை வறள விளக்கினார். எல்லாரும் பேந்தப் பேந்த விழித்தார்கள்.

"சரி, ஒரு உடம்புன்னு வெச்சுக்குங்க. மேலே தொட்டிதான் தலை. கீழே மோட்டார்தான் இதயம். குழாயெல்லாம் ரத்தக்குழாய்."

"அட, இவ்வளவுதானா!" என்று பூரித்துப்போனார் சடையாண்டி. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் தண்ணீர் இல்லையென்றால் மானம் கப்பலேறிவிடும். அதனால் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரே வாங்கிக்கொண்டார்.

இன்ஜினியர் தலை மறைந்ததும் தொட்டியின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது.

"ஐயையோ, ஜலதோஷம்!" சடையாண்டி போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது.

"காலையில மழையில நனைஞ்சுதே, யாராச்சும் தலை துவட்டி விட்டீங்களா?" என்று மச்சான் நல்லகாத்தான் அதட்டினான்.

ஒருத்தரும் துவட்டவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டே ஏணி போட்டு ஏறி, தொட்டியைச் சுற்றிச் சுக்குப் பற்றுப் போட்டார்கள். அவ்வளவு பெரிய தலைக்கு மப்ளர் ஏது? கல்யாணப் பந்தல் துணியை அவிழ்த்துக் கட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. மோட்டார் நின்றது.

"இதயம் நின்னுபோச்சே!" நல்லகாத்தான் மாரில் அடித்துக்கொண்டான். மாப்பிள்ளைக்கு வாங்கிய மாலையை மோட்டாருக்குப் போட்டார்கள். பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். சாவு விழுந்த ஊரில் கல்யாணம் எப்படி நடத்துவது என்று சடையாண்டி விக்கி விக்கி அழுதார்.

சத்தம் கேட்டு இன்ஜினியர் ஓடிவரவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. மோட்டார் தடதடவென்று எழுந்தது. பாதி ஊர் வயலுக்குள் ஓடிவிட்டது.

"உடம்பை மறந்துடுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" இன்ஜினியர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒரு குடும்பம்னு வெச்சுக்குங்க. மோட்டார் சம்பாதிக்கிற அப்பா. தொட்டி பங்கு போடுற அம்மா. குழாயெல்லாம் பிள்ளைங்க. போதுமா?"

"இப்பத்தாங்க நல்லா விளங்குது!" என்றார் சடையாண்டி.

மறுநாள் தாலி கட்டியாயிற்று. பந்தியில் முதல் வாய் சாம்பார்சாதத்திலேயே சம்பந்திக்குப் புரையேறியது. "தண்ணி, தண்ணி!" என்று கையை ஆட்டினார்.

சாப்பிட வந்த இன்ஜினியர் சுற்றிப் பார்த்தார். முன்வரிசையில் பட்டுவேட்டி கட்டி உட்கார்ந்திருந்தது மோட்டார். பக்கத்தில் தெருத்தெருவாகத் தோண்டி எடுத்த குழாய்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தலைவாழை இலை.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க? தண்ணிக்கு எங்கே போறது?"

சடையாண்டி அவர் காதோரம் குனிந்தார். "மெதுவாப் பேசுங்க சார். வெத்தலை பாக்கு வெச்சுக் குடும்பத்தோட வரச் சொல்லிட்டு, அவங்களையே தண்ணி ஊத்தச் சொன்னா மரியாதையா இருக்குமா?"